ஒரு டன் பழுப்பு நிலக்கரியின் முழுக் கணக்கு

நெய்வேலி இரண்டாம் சுரங்கத்தில் ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க, அதன்மேல் கிடக்கும் மண்ணில் ஐந்தரை கன மீட்டரை முதலில் அகற்ற வேண்டும். அந்தச் சுரங்கத்தின் ஆண்டுக் கொள்ளளவு 1.5 கோடி டன். பெருக்கினால் 8.25 கோடி கன மீட்டர் மண். 10 கன மீட்டர் பிடிக்கும் டிப்பர் லாரியில் அள்ளுவதென்றால் ஆண்டுக்கு 82.5 லட்சம் நடை, நாளொன்றுக்கு 22,600 நடை. லாரியால் ஆகிற வேலை இல்லை என்பதால்தான் அங்கே வாளிச் சக்கர இயந்திரங்கள் நிற்கின்றன. பெரிய இயந்திரத்தின் ஒரு வாளி மட்டும் 1,400 லிட்டர் கொள்ளும். சக்கரம் சுழலச் சுழல, செம்மண் கன்வேயர் பெல்ட்டில் விழுந்து மறுபக்கம் போய் மலையாகக் குவிகிறது. மந்தாரக்குப்பம் சாலையில் போகிறவர்களுக்கு அந்த மண்மலைகள்தான் ஊரின் அடையாளம்.

மண்ணோடு முடியவில்லை. நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்று நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. இரவும் பகலும் நீரை இறைத்து அந்த அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து பொங்கிவிடும். இத்தனைக்கும் பிறகு கைக்கு வரும் கரியில் ஏறத்தாழ பாதி ஈரம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோ அளவுக்கு அதை எரிக்க வேண்டும். புகைபோக்கி வழியே போகும் கரியமில வாயுவும் யூனிட்டுக்கு ஒரு கிலோவைத் தாண்டும்.

இவை எல்லாமே பதிவேட்டில் ஏறும் கணக்குகள். மண்ணுக்கு அளவு உண்டு, நீருக்கு மீட்டர் உண்டு, புகைக்குக் கருவி உண்டு. இந்தக் கரியை எரிப்பது ஒருநாள் நின்றே தீரவேண்டும். 2070-க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வு என்று இந்தியா வாக்குக் கொடுத்திருக்கிறது. நின்றால் யார் யாருக்கு என்ன நஷ்டம், அதை ஈடுகட்ட எவ்வளவு ஆகும் என்ற பத்தி மட்டும் இந்தப் பேரேட்டில் நிரப்பப்படவில்லை. 2015-ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒப்பந்தத்தின் முகவுரையிலேயே தொழிலாளர்களுக்கான ‘நியாயமான மாற்றம்’ என்ற சொல் இடம்பெற்றுவிட்டது. அந்தச் சொல்லுக்கு நெய்வேலியில் ரூபாயில் என்ன அர்த்தம் என்று போட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் ஊற்றுக் கிணறு தோண்டியபோது 1935 வாக்கில் கறுப்பாக ஏதோ மேலே வந்தது. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1962-இல் சோவியத் உதவியுடன் அமைந்த முதல் அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது: 50 மெகாவாட்டில் 6 அலகுகள், 100 மெகாவாட்டில் 3 அலகுகள், ஆக 600 மெகாவாட். அந்த நிலையம் 58 ஆண்டுகள் ஓடி, 2020 செப்டம்பர் இறுதியில் முழுமையாக நின்றது. அதற்கு ஈடாக 1,000 மெகாவாட்டில் புதிய நிலையம் எழுந்தது. செலவு சுமார் 7,000 கோடி ரூபாய்.

9 அலகுகள் செய்த வேலையைவிடக் கூடுதலான வேலையை இப்போது 2 அலகுகள் செய்கின்றன. புகை குறைந்தது, கரி மிச்சமானது, நல்லது. கூடவே ஆள் தேவையும் குறைந்தது. 2010 வாக்கில் நிறுவனத்தின் நிரந்தரப் பணியாளர்கள் சுமார் 18,000 பேர். இப்போது ஏறத்தாழ 10,000. அவர்களோடு ஒப்பந்தத் தொழிலாளர்கள் பத்தாயிரத்துக்கு மேல். சாம்பல் அள்ளுவது, பெல்ட் அடியில் சிந்திய கரியைக் கூட்டுவது, கொதிகலன் பராமரிப்பு என்று வேலையில் கடினமான பங்கு அவர்களுடையது. 2020 மே 7-இலும் ஜூலை 1-இலும் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நடந்தன. உயிரிழந்தவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்களே.

காலை முதல் ஷிப்டுக்கு மந்தாரக்குப்பத்தில் பேருந்துக்கு நிற்பவர்களைப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். எல்லார் கையிலும் ஒரே மாதிரி எவர்சில்வர் டிபன் கேரியர், எல்லார் சட்டையிலும் அதே சாம்பல் நிறம் ஏறியிருக்கும். கழுத்தில் தொங்கும் அட்டைதான் வேறு. ஒப்பந்தத் தொழிலாளியின் அட்டையில் ஒரு முடிவுத் தேதி அச்சாகியிருக்கும். ஒரு நிலையம் மூடப்படும்போது நிரந்தரப் பணியாளருக்கு இடமாற்ற உத்தரவு வரும், ஓய்வூதியக் கணக்கு தொடரும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அப்படி ஒரு தாள் வராது. அட்டை புதுப்பிக்கப்படாது, அவ்வளவுதான். ‘வேலை இழந்தோர்’ என்ற எண்ணிக்கையில்கூட அவர் சேரமாட்டார்.

நிலத்தின் கணக்குக்கு வருவோம். 2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில், நின்ற நெற்பயிருக்குள் கால்வாய் வெட்டுவதற்காக மண்வெட்டி இயந்திரங்கள் இறங்கின. நிலம் எப்போதோ கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். பயிர் வயலில் நிற்கிறதே என்பது விவசாயிகளின் வாதம். பச்சைப் பயிர் சேற்றோடு புரண்டு கிடந்த படம் தமிழ்நாடு முழுக்கப் போனது. பயிர்ச் சேதத்துக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஆண்டு சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,183 ரூபாய். அதன்படி 40,000 ரூபாய் என்பது பதினெட்டேகால் குவிண்டால் நெல். நன்றாக விளையும் ஒரு ஏக்கர் இதைவிடக் கூடுதலாகவே தரும். ஆனாலும் ஒரு தொகை நிர்ணயமானது, அது வயல்காரர் பெயரில் எழுதப்பட்டது.

நிலத்துக்கு இழப்பீடு ஏக்கருக்கு 25 லட்சம் ரூபாய் வரை என்று அந்தக் காலகட்டத்தில் அறிவிக்கப்பட்டது. முன்பு நிலம் கொடுத்தவர்களுக்குக் கிடைத்ததோடு ஒப்பிட்டால் பெரிய தொகை. 7 சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 1.75 லட்சம் வரும். இரண்டு போகம் நெல்லில் செலவு போக மிஞ்சுவதைவிட அது குறைவில்லை. பட்டா வைத்திருப்பவரின் பக்கம் ஓரளவு நேராகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம்.

அதே ஏக்கரில் நாற்றுப் பறித்தவர், நட்டவர், களை எடுத்தவர் பக்கத்துக்குத் திரும்பினால் அங்கே எண்ணே இல்லை. நானே ஒரு கணக்குப் போட்டேன். நடவுக்கும் இரண்டு களைக்கும் சேர்த்து ஏக்கருக்குப் போகம் ஒன்றுக்கு 20 பெண் ஆள்நாள் என்று வைத்துக்கொள்கிறேன். கூலியாக 2023-24-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த 294 ரூபாயையே எடுத்துக்கொள்கிறேன். போகத்துக்கு 5,880, இரண்டு போகத்துக்கு 11,760 ரூபாய். 20 ஆண்டுக்குப் பெருக்கினால் 2,35,200 ரூபாய். 25 லட்சத்தில் இது 10 சதவீதம்கூட இல்லை. அதாவது அந்த வயலை நம்பிப் பிழைத்த கூலிப் பெண்களின் இருபது ஆண்டு வருமானம், நிலத்தின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. இந்தச் சிறு தொகையைத்தான் இதுவரை யாரும் எழுதவில்லை. எழுதாததற்குப் பணம் இல்லை என்பது காரணமாக இருக்க முடியாது. அந்தப் பெண்கள் பெயரில் பட்டாவும் இல்லை, குத்தகைச் சீட்டும் இல்லை என்பதே காரணம்.

சூரிய மின்சாரம் வந்தால் இதெல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. நானும் சூரிய மின்சாரத்தை மனதார வரவேற்கிறவன். ஆனால் அங்கேயும் பேரேட்டைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. நெய்வேலி நிறுவனம் 1,400 மெகாவாட்டுக்கு மேல் சூரிய, காற்றாலை மின்சாரம் அமைத்திருக்கிறது. அதில் பெரும்பகுதி விருதுநகர், இராமநாதபுரம், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். நெய்வேலியிலேயே இருப்பது 141 மெகாவாட், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. வெயிலும் மலிவான நிலமும் அந்தத் தென் மாவட்டங்களில் இருக்கின்றன, போனதில் தவறில்லை. ஆனால் மந்தாரக்குப்பத்தில் அட்டை காலாவதியான ஒருவருக்கு, முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் முளைத்த வேலையால் என்ன பயன்?

அந்த வேலையும் எவ்வளவு நாளைக்கு? இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016 செப்டம்பரில் தொடங்கிய சூரிய மின் நிலையத்தைப் பார்ப்போம். 648 மெகாவாட், 2,500 ஏக்கர், 25 லட்சம் பலகைகள், 4,550 கோடி ரூபாய் முதலீடு. கட்டிய எட்டு மாதங்களில் சுமார் 8,500 பேர் வேலை செய்தார்கள். கட்டி முடிந்தபின் பலகைகளைத் துடைக்கக்கூட இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆற்றல், சுற்றுச்சூழல், நீர் குறித்த டெல்லி ஆய்வு நிறுவனமான சி.இ.இ.டபிள்யூ. 2017-இல் மற்ற அமைப்புகளுடன் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீடு இதைத் தெளிவாகச் சொல்கிறது. தரையில் அமைக்கும் பெரிய சூரிய நிலையம் மெகாவாட்டுக்கு 3.45 வேலை-ஆண்டுகள் (ஒருவருக்கு ஓர் ஆண்டு கிடைக்கும் வேலை ஒரு வேலை-ஆண்டு) தருகிறது, காற்றாலை 1.27 தருகிறது, கூரையில் அமைக்கும் சூரிய மின்சாரம் 24.72 தருகிறது. அதே வெயில், அதே பலகைதான். கூரைக்கு ஏறினால் வேலை ஏழு மடங்கு.

நிலத்தைப் பிடுங்காமல் வாடகைக்கு எடுத்த முன்மாதிரி ஒன்று கர்நாடகத்தின் பாவகடாவில் இருக்கிறது. 2,050 மெகாவாட், சுமார் 13,000 ஏக்கர். விவசாயிகளிடமிருந்து ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் குத்தகைக்கு எடுத்தார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. தொடக்க விகிதப்படி மொத்தம் ஆண்டுக்கு 27.3 கோடி ரூபாய் கிராமங்களுக்குள் வருகிறது. நிலம் அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. மழை பொய்த்து நிலக்கடலை காய்ந்துபோகும் ஊரில் இது பெரிய நிம்மதி, மனதாரப் பாராட்ட வேண்டியது. ஆனால் அங்கும் நிலமில்லாத கூலிக்காரருக்கும், அந்தக் காட்டில் ஆடு மேய்த்தவருக்கும் குத்தகைப் பணத்தில் பங்கில்லை. கரியோ வெயிலோ, பத்திரம் வைத்திருப்பவரோடு கணக்கு நின்றுவிடுகிறது.

பணம் எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். என்னை உண்மையாகவே வருத்தும் எண்கள் இங்கேதான் இருக்கின்றன. 2010 ஜூலையில் மத்திய அரசு நிலக்கரிக்கும் பழுப்பு நிலக்கரிக்கும் டன்னுக்கு 50 ரூபாய் தூய ஆற்றல் வரி விதித்தது. 2014-இல் 100, 2015-இல் 200, 2016-இல் 400 ரூபாய் என்று அது ஏறியது. 2010-11 முதல் 2017-18 வரை நாடு முழுக்க வசூலானது 86,440 கோடி ரூபாய். தூய ஆற்றல் நிதிக்கு அதிலிருந்து மாற்றப்பட்டது 29,645 கோடி. திட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தது 15,911 கோடி. நூற்றுக்குப் பதினெட்டரை ரூபாய்கூட இல்லை. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபின் அந்த 400 ரூபாய் மாநிலங்களின் வரி இழப்பை ஈடுகட்டும் செஸ்ஸாக மாறிப்போனது. 2025 செப்டம்பரில் அதுவும் எடுக்கப்பட்டுவிட்டது.

நெய்வேலியின் பங்கு என்ன? ஆண்டுக்கு 2 கோடி டன் என்று குறைத்தே வைக்கிறேன். முதல் நான்கு ஆண்டுக்கு 50 வீதம், பிறகு எட்டு மாதம் 100 வீதம், ஓர் ஆண்டு 200 வீதம், ஓர் ஆண்டும் நான்கு மாதமும் 400 வீதம். கூட்டினால் ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் வருகிறது. கரியிலிருந்து விலகுவதற்கென்று கரியின் மீதே போட்ட வரி அது. கரி எடுத்தவர்களின் மறுவாழ்வுக்கு அதில் ஒரு தலைப்புகூட இல்லை. சுரங்கத்தை மூடுவதற்கென்று 2009 வழிகாட்டுதல்படி திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் தனிக்கணக்கில் போட்டுவைக்க வேண்டும் என்ற விதி வந்தது. குழியைச் சமன்செய்யவும் மரம் நடவும்தான் அதில் பெரும்பகுதி. மண்ணுக்கு அந்த மரியாதை கிடைத்தது நல்லதே. மனிதருக்கும் ஹெக்டேர் கணக்கிலாவது ஒன்று ஒதுக்கியிருக்கலாம்.

ஜெர்மனி இதை எழுதி வைத்த விதம் பார்க்கத் தக்கது. 2018-இல் அரசு, தொழிற்சங்கம், தொழில்துறை, சுற்றுச்சூழல் அமைப்புகள், சுரங்க வட்டார மக்கள் எல்லாரையும் சேர்த்து ஆணையம் அமைத்தார்கள். 2019 ஜனவரியில் அறிக்கை, 2020-இல் சட்டம், 2038-க்குள் கரிக்கு முடிவு. சுரங்க வட்டாரங்களுக்கு 4,000 கோடி யூரோ: மாநிலங்கள் வழியே 1,400 கோடி, மத்திய அரசின் திட்டங்களாக 2,600 கோடி. 58 வயதைத் தாண்டிய கரித் தொழிலாளிக்கு ஐந்து ஆண்டு வரை இடைக்கால உதவித்தொகை. பழுப்பு நிலக்கரித் துறையில் அப்போது நேரடியாக வேலை செய்தவர்கள் சுமார் 20,000 பேர், நெய்வேலியின் நிரந்தர, ஒப்பந்தப் பணியாளர்களைக் கூட்டினால் வருகிற அளவுதான். அவர்களுடைய பணத்தை நாம் கனவு காண முடியாது. மூடுவதற்கு 18 ஆண்டு முன்பே பேரேட்டில் தலைப்புகள் போட்டார்கள் என்பதை எடுத்துக்கொள்ளலாம்.

முன்கூட்டி எழுதாமல் மூடினால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் கொமாட்டி இருக்கிறது. 1,000 மெகாவாட் நிலக்கரி நிலையம், 2022 அக்டோபர் இறுதியில் மூடப்பட்டது. மாற்றுத் திட்டத்துக்கு உலக வங்கி வழி கிடைத்தது 49.7 கோடி டாலர். அதில் திருப்பித் தர வேண்டாத மானியம் 1 கோடி டாலர் மட்டும், மற்றதெல்லாம் கடன். பயிற்சியும் புதிய வேலையும் தயாராகும் முன்பே உலை அணைந்தது. வாடகை வீடு, சாப்பாட்டுக் கடை, ஒப்பந்த வேலை என்று அந்த நிலையத்தை ஒட்டி வாழ்ந்தவர்கள்தான் முதலில் அடிபட்டார்கள். நம் மந்தாரக்குப்பத்தின் டீக்கடைகளை நினைத்துக்கொண்டேதான் அந்த ஊரைப் பற்றிப் படித்தேன். இந்தியாவில் ஜார்க்கண்ட் 2022-இல் நியாயமான மாற்றத்துக்கென்றே ஒரு பணிக்குழு அமைத்தது. கடலூர் மாவட்டத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

நெய்வேலிக்கு எவ்வளவு ஆகும்? என் கணக்கு இது. தலைக்கு வைத்த தொகைகள் என் அனுமானம்; திருத்த விரும்புகிறவர்கள் திருத்தலாம்.

ஒப்பந்தத் தொழிலாளர் 10,000 பேர், மாதம் 20,000 ரூபாய், 3 ஆண்டு: 720 கோடி
அவர்களுக்குத் தொழிற்பயிற்சி, தலைக்கு 1 லட்சம்: 100 கோடி
நிலமில்லாத, குத்தகைக் குடும்பங்கள் 10,000, மாதம் 10,000 ரூபாய், 3 ஆண்டு: 360 கோடி
மொத்தம்: 1,180 கோடி

நெய்வேலியில் இப்போது ஓடும் நிறுவனத்தின் அனல் நிலையங்கள் 420, 1,470, 500, 1,000 மெகாவாட், ஆக 3,390. 70 சதவீதத் திறனில் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 2,079 கோடி யூனிட். யூனிட்டுக்கு 10 பைசா ஒதுக்கினால் ஆண்டுக்கு 208 கோடி ரூபாய் சேரும். 1,180 கோடி சேர ஆறு ஆண்டுகூட ஆகாது. 5 பைசா என்றால் பதினோரு ஆண்டும் சில மாதமும். ஏழு ஆண்டில் நெய்வேலி கட்டிய தூய ஆற்றல் வரியில் இந்த 1,180 கோடி பத்தில் ஆறு பங்குக்கும் குறைவு, புதிய நிலையத்தின் செலவில் ஆறில் ஒரு பங்கு.

பயிற்சி எதற்கு என்றால், கூரைக்குத்தான். 2024-இல் வந்த வீட்டுக்கூரைச் சூரிய மின் திட்டத்தில் மத்திய அரசு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2 கிலோவாட் போடும் வீட்டுக்கு 60,000 ரூபாய் மானியம். கடலூரிலும் சுற்று மாவட்டங்களிலும் ஒரு லட்சம் வீட்டில் 2 கிலோவாட் ஏறினால் 200 மெகாவாட். மேலே சொன்ன மதிப்பீட்டின்படி 4,944 வேலை-ஆண்டுகள். வீட்டுக்கு வீடு ஏணி போட்டு ஏறுகிற வேலை அது; உயரத்தில் வேலை பார்த்தும், வெல்டிங் பிடித்தும், கேபிள் இழுத்தும் பழகிய கைகள் நெய்வேலியில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சொந்த ஊரிலேயே, சொந்தத் திறமைக்கே கிடைக்கும் வேலை.

இரண்டாம் அனல் மின் நிலையத்தின் அலகுகள் 1986-இலிருந்து ஓடத் தொடங்கியவை. அவற்றை மூடும் தேதி வரும் முன் செய்ய வேண்டிய முதல் காரியத்துக்குப் பெரிய செலவும் இல்லை. அட்டையில் தேதி போட்டவர்கள், வாய்ப்பேச்சுக் குத்தகைக்காரர்கள், நடவுக்குப் போன பெண்கள், ஆடு மேய்ப்பவர்கள், டீக்கடைக்காரர்கள் என்று ஒவ்வொரு பெயரையும் எழுத வேண்டும். 20,000 வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நாளைக்கு 10 வீடு பார்த்தால் 2,000 ஆள்நாள். 50 பேர் இறங்கினால் 40 நாள். ஆடியில் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன் முடிந்துவிடும்.